முதுகு காட்டும் பயிற்சி

விசிலை வாரத்துக்கு ஒருமுறையாவது வெந்நீரில் போட்டு எடுக்க வேண்டும். பல பேருக்கு இது தெரியாது. எச்சில் உள்ளே காய்ந்து, அந்தச் சின்ன உருண்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டால் சத்தம் பிசிறடிக்கும். என் விசிலை நீங்கள் ஓர் உறையில் போட்டு ஒட்டி வைத்திருக்கிறீர்கள். அது உங்கள் வேலை, குறை சொல்லவில்லை. ஈரத்தோடு மூடி வைத்தால் நாறும் என்பதற்காகச் சொல்கிறேன்.

வாயால் சொல்லுங்கள் என்றீர்கள். முதல் வார்த்தை வெளியே வருவதற்குள் உங்கள் காவலர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், அதை மரியாதை என்று நினைக்கிறார்கள். அதனால்தான் காகிதம் கேட்டேன். எழுத்தில் எனக்குத் திக்காது. நடுநடுவே எழுந்து கதவு வரை நடந்துவிட்டு வருவேன், தப்பாக நினைக்காதீர்கள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்று என் அக்கா சொல்வாள். இத்தனை வருஷம் மைதானத்தில் நின்றே பிழைத்தவனுக்கு நாற்காலி ஒத்துவராது.

நீச்சல் குளத்தில் செத்துப்போன பையனைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். ஏழாம் வகுப்பு. பள்ளியில் எல்லோரும் அவனை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். விபத்து என்று பள்ளி சொன்னது. வகுப்புப் பிள்ளைகள் சொன்னார்கள். நானும் சொன்னேன். ஒரே ஒரு பெண் மட்டும் வேறு மாதிரி சொன்னாள், அவளைக் கொசு என்பார்கள், அவ்வளவு சின்ன உருவம். அந்தப் பெண் பொய் சொல்கிறது போலிருக்கிறதே என்று நீங்களே என்னிடம் கேட்டீர்கள். அவள் பொய் சொல்லவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். எழுந்து நடக்கப் போய் மறந்துவிடக் கூடாது.

சீண்டல் தடுப்பு வகுப்பு என் தலையில் விழுந்த கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். பிள்ளைகள் ஒருவரையொருவர் சீண்டுவது, மட்டம் தட்டுவது, ஒதுக்கிவைப்பது, இதையெல்லாம் அடையாளம் கண்டு எதிர்கொள்ள எல்லாப் பள்ளியிலும் சொல்லித்தர வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. ஆசிரியர்கள் அறையில் தலைமை ஆசிரியை யார் எடுக்கிறீர்கள் என்று கேட்டார். எல்லோருடைய தலையும் விடைத்தாளுக்குள் போய்விட்டது. கணக்கு டீச்சருக்கு இருமல் வந்தது. இளிச்சவாயன் யார் என்று தேடும் கண் கடைசியில் பி.டி. மாஸ்டர் மேல்தான் வந்து நிற்கும். எனக்கு வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டேன். நான் வெளியே வருவதற்குள், ரொம்ப சந்தோஷம் சார் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். என் வாழ்க்கையில் பாதி முடிவுகள் இப்படி எடுக்கப்பட்டவைதான்.

கூடவே ஒரு கையேடு கொடுத்தார்கள். நல்ல கையேடு, குறையே சொல்ல முடியாது. ஒரு தடவை நடந்தால் அது சண்டை. திருப்பி அடிக்க முடியாத ஒருவரைத் திரும்பத் திரும்ப, வேண்டுமென்றே செய்தால் அதுதான் சீண்டல் என்று தெளிவாக எழுதியிருந்தது. நடந்தால் என்ன செய்வது என்பதும் இருந்தது. உள்ளங்கையைக் காட்டிப் போதும் என்று சொல்ல வேண்டும். சீண்டுகிறவனுக்கு வேடிக்கை பார்க்க ஆள் கிடைக்காதபடி விலக வேண்டும். அடிபட்டவன் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். ஆனால் எல்லாப் படத்திலும் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். வட்டம் என்றாலே எனக்கு ஆகாது. சின்ன வயதில் வட்டத்தில் முறை என்னை நெருங்க நெருங்க எப்படி இருக்கும் என்று எனக்குத்தான் தெரியும்.

அதனால் எனக்குத் தெரிந்த வழியில் செய்தேன். தீ விபத்துப் பயிற்சி பார்த்திருப்பீர்கள். மணி அடித்தால் பிள்ளைகள் யோசிக்க மாட்டார்கள். எழுந்து, வரிசையாகி, வெளியே வந்துவிடுவார்கள். தீ வரும் நேரத்தில் மனம்விட்டுப் பேச முடியுமா? இதையும் அப்படி டிரில்லாக மாற்றினேன். ஒரு விசில், உள்ளங்கை உயர வேண்டும். அடுத்த விசில், எல்லோரும் ஒரே குரலில் போதும் என்று சொல்ல வேண்டும். அதற்கடுத்தது, ஒரே நேரத்தில் திரும்பி முதுகைக் காட்ட வேண்டும். பக்கத்தில் போய் நிற்பது, பெரியவர்களிடம் சொல்வது, இந்த இரண்டையும் விட்டுவிட்டேன். அவற்றை வரிசையில் செய்ய முடியாது. ஒருவன் முன்னால் போவான், ஒருத்தி பின்னால் போவாள், அணி கலையும். பயிற்சி முடிந்தது, இனி திரும்பிப் பார்க்கலாம் என்று தனியாக ஒரு கட்டளையும் வைக்கவில்லை. பாடவேளை மணி அடித்தால் தானாகக் கலைந்துவிடப் போகிறார்கள், அதற்கெதற்கு ஒரு விசில் என்று நினைத்தேன். ஒரு டிரில் மாஸ்டர் செய்யக் கூடாத தப்பு அது, ஒப்புக்கொள்கிறேன்.

டிரில்லுக்கு எதிரில் ஒருவன் வேண்டும். சீண்டுகிறவனாக நடிக்க ஒருவன். முதலில் நானே நடித்தேன், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக முறைவைத்து நிறுத்தினேன். பாவம், எல்லாம் நல்ல வீட்டுப் பிள்ளைகள். போடா குண்டா என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை. அதைச் சொல்லிவிட்டு, ஸாரிடா என்றும் சேர்த்துச் சொன்னது ஒன்று.

ரேடியோவின் முறை வந்தது. அவனுக்குப் பெயர் சும்மா வரவில்லை. வாயைத் திறந்தால் மூட மாட்டான், யார் குரலையும் இரண்டு நாள் கேட்டால் போதும், அப்படியே இறக்கிவிடுவான். தலைமை ஆசிரியை மூக்கைச் சிந்துவது, கணக்கு டீச்சர் இருமுவது, கதவின் கிறீச்சுச் சத்தம், எல்லாம் வரும். சார், யாரை வேணா பண்ணலாமா என்று கேட்டான். சரி என்று தலையாட்டினேன். அவன் நேராக நின்று, வயிற்றை எக்கி, கழுத்தில் இல்லாத விசிலை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டு, வருகைப் பதிவு எடுக்க ஆரம்பித்தான். முதல் பெயரின் முதல் எழுத்தில் மாட்டிக்கொண்டான். தாடை இழுத்துக்கொண்டது. கண் மேலே போனது. இடது கால் தரையைத் தட்டியது. என் கால் தட்டுகிறது என்று எனக்கே அதுவரை தெரியாது.

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். நான்தான் முதலில் கைதட்டினேன், யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பிறகு விசில் அடித்தேன். கைகள் உயர்ந்தன, போதும் என்றார்கள், திரும்பினார்கள். அவன் நடுவில், முகத்தில் பாதிச் சிரிப்போடு நின்றான். அன்றைக்கு மணி அடிக்கக் கொஞ்சம் நேரமிருந்தது. நான் அவர்களை அப்படியே நிற்கவிட்டேன்.

அவன் என்னைக் கேலி செய்தான் என்ற கோபமா என்று கேட்டீர்கள். இல்லை. என்னைக் கேலி செய்தவர்கள் எத்தனையோ பேர். என்னோடு படித்தவர்கள் என் முழுப் பெயரையே மறந்திருப்பார்கள், அவர்கள் வைத்த பெயரை மட்டும் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கெல்லாம் கோபப்பட்டிருந்தால் என்றைக்கோ நெஞ்சு வெடித்துச் செத்திருப்பேன். விசில் கையில் வந்த நாளிலிருந்து அந்தப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. விசிலுக்குத் திக்காது.

அன்றிலிருந்து முறைவைப்பதை நிறுத்திவிட்டு ரேடியோவையே நிரந்தரமாக எதிரில் நிறுத்தினேன். இதில் தனிப்பட்ட விரோதம் எதுவுமில்லை. பந்தைப் பிடிக்கத் தெரிந்தவனைத்தானே கோல்கீப்பராக நிறுத்துவோம். அடுத்து, வகுப்புக்கு வெளியேயும் பயிற்சி வைத்தேன். தீ சொல்லிவிட்டா வரும்? நடைக்கூடத்தில், நூலகத்தில், சாப்பாட்டு வரிசையில், எங்கேயும் வரலாம். அங்கெல்லாம் விசில் அடிக்க முடியாது. அதனால் விசிலை விரலால் தொட்டால் போதும் என்று சொல்லிவைத்தேன். பிள்ளைகள் கற்பூரம், சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். ரேடியோ யாரிடமாவது ஏதாவது பேசுவான். என் விரல் நெஞ்சுக்குப் போகும். கைகள் உயரும். அவன் சில சமயம் அழிரப்பர்தான் கேட்டிருப்பான்.

ஆரம்பத்தில் அவன் சிரித்தான். சூப்பர்டா என்றுகூடச் சொன்னான். பிறகு, இப்போ நான் எதுவும் பண்ணலயே சார் என்று என்னிடம் வந்து கேட்டான். சீண்டுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று கையேட்டில் இருந்தது. அதையே அவனுக்குச் சொன்னேன். சொல்லி முடிக்க நேரமானது. அவன் பொறுமையாக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. அதைச் சொல்ல வேண்டும்.

கொஞ்ச நாளில் பிள்ளைகள் என் விரலைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். அவன் வாயைத் திறந்தால் போதும். ரேடியோ நின்றுபோனது. வகுப்பு அமைதியாக இருக்கிறது என்று எல்லா ஆசிரியர்களும் சொன்னார்கள், கணக்கு டீச்சர் எனக்கு ஒரு டப்பா பிஸ்கட் கொடுத்தார். தலைமை ஆசிரியை மற்ற பள்ளிகளிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டு ஒரு செயல்விளக்கம் வைத்தார்.

அரங்கத்தில் ரேடியோவை நடுவில் நிறுத்தி, சுற்றிலும் பிள்ளைகளை நிறுத்தினேன். விசில் சுத்தமாக ஒலித்தது, முந்தின நாள்தான் கழுவியிருந்தேன். கை, குரல், முதுகு. ஒரு செருப்புச் சத்தம்கூட முன்பின் இல்லை. கைதட்டல் அடங்கியதும் விருந்தாளியாக வந்த ஓர் அம்மா ரேடியோவிடம், எல்லாரும் திரும்பிக்கிட்டப்போ உனக்கு எப்படி இருந்துச்சு கண்ணு என்று கேட்டார். அவன் வாயைத் திறந்தான். தாடை இழுத்துக்கொண்டது. கண் மேலே போனது. எதுவும் வரவில்லை. என்ன அருமையா நடிக்கிறான் பாருங்க என்று அந்த அம்மா சொன்னார், அரங்கம் மறுபடி தட்டியது.

நடிப்பு எது, நிஜம் எது என்று எனக்குத் தெரியும். நடிக்கும்போது கழுத்து நரம்பு அப்படிப் புடைக்காது. அந்தத் தொண்டை எனக்குப் பழக்கமான தொண்டை. அதைப் பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். அன்றைக்கு எனக்கு நன்றாகப் பசித்தது.

இப்போது எழுந்து நடந்துவிட்டு வந்தேன். உங்கள் காவலர் உட்காருங்க சார் என்கிறார். உட்காருகிறேன்.

அக்காவும் நானும்தான் வீட்டில். அவள் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள், பவர் பார்த்துச் சொல்வதில் கெட்டிக்காரி. சின்ன வயதிலிருந்து என் வாக்கியங்களை அவள்தான் முடித்துவைப்பாள். நான் பாதியில் நின்றால் மீதியை அவள் சொல்லிவிடுவாள், கடைக்காரரிடம், மருத்துவரிடம், பெண் பார்க்கப் போன வீட்டில்கூட. செயல்விளக்கம் நடந்த அன்று மறுசோறு வாங்கிச் சாப்பிட்டேன். என்னடா இன்னிக்கு ஒரே குஷியா இருக்க என்றாள். பள்ளியில் பாராட்டினார்கள் என்றேன். ஒரு வாயாடிப் பையனை வைத்துப் பயிற்சி நடத்தியதை, அவன் இப்போது வாயே திறப்பதில்லை என்பதைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அந்தப் பையன் உன்னை மாதிரிப் பேசிக் காட்டினானா?"

நான் அந்த வாக்கியத்தைத் தொடங்கவேயில்லை. தொடங்காததை எப்படி முடித்தாள் என்று தெரியவில்லை. இல்லை என்றேன்.

"பாவம்டா, சின்னப் பையன். விட்டுடு" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் என் வாக்கியம் எதையும் முடித்துவைப்பதில்லை. நான் பாதியில் நிற்பேன், அவள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பாள். வீட்டுக்குள் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாயங்காலங்களில் தெருக்கோடி வரை போய்ப் போய்த் திரும்பினேன்.

அடுத்த வாரம் ரேடியோவின் அம்மா வந்தார். மருந்துக் கடையில் வேலை, கடைச் சீருடையிலேயே வந்திருந்தார். விளையாட்டுச் சாமான் அறையில், பந்து வலைகளுக்கு நடுவில் ஒரு பெஞ்ச் உண்டு, அதில் உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். உங்ககிட்ட கேட்டாத்தான் தெரியும்னு வந்தேன். பையனுக்குத் திடீர்னு பேச்சு திக்குது. நான் எடுத்துக் குடுத்தா அழறான்."

எடுத்துக் கொடுக்காதீர்கள், அவனே முடிக்கட்டும், முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள் என்று சொன்னேன். நல்ல ஆலோசனை, இப்போதும் அதைத்தான் சொல்வேன். அவர் தலையாட்டினார். வகுப்பில் யாரோ அவனைப் படுத்துகிறார்கள் போலிருக்கிறது, கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறான், நீங்கள்தான் அதற்கு வகுப்பு எடுக்கிறீர்களாமே, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கதவு வரை போனவர் திரும்பி நின்றார்.

"உங்களை ரொம்பப் பிடிக்கும் சார் அவனுக்கு. வீட்ல எப்பவும் உங்களை மாதிரிதான் பண்ணிட்டு இருப்பான். பிடிக்காதவங்களை அவன் பண்ணவே மாட்டான்."

கேட்டதற்காக எழுதுகிறேன். அதனால் எதுவும் மாறிவிடவில்லை. அவர் போன பிறகு பந்துகளுக்கெல்லாம் காற்று அடித்து வைத்தேன். ஏற்கெனவே அடித்திருந்த பந்துகளுக்கும் அடித்தேன், ஒன்று வெடித்துவிட்டது.

அன்றே பயிற்சியை நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். நிறுத்துவதாகத்தான் இருந்தேன். மறுநாள் வகுப்பில் கடைசியாக ஒருமுறை பாடத்தைத் திருப்பிப் பார்க்கலாம் என்று சீண்டல் என்றால் என்ன என்று கேட்டேன். பிள்ளைகள் ஒப்பித்தார்கள். திரும்பத் திரும்பச் செய்வது. வேண்டுமென்றே செய்வது. திருப்பி அடிக்க முடியாதவரைச் செய்வது. கொசு கையைத் தூக்கினாள். அவள் கை தூக்கினால் முன்னால் இருப்பவர் தலைக்கு மேல் தெரியாது, எழுந்து நின்றாள்.

"அப்போ அது நாமதான சார்?"

ரேடியோ கடைசி வரிசையில் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவளுக்குப் பதில் சொல்ல நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன். ஆமாம் என்று சொல்லியிருந்தால் ஒரே வார்த்தைதான். அந்த முதல் எழுத்துக்கு நான் வாயைத் திறந்தேன். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். என்னால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. என் விரல் விசிலைத் தொட்டது. வகுப்பு எழுந்து, கொசுவுக்கு உள்ளங்கையைக் காட்டி, போதும் என்று சொல்லித் திரும்பிக்கொண்டது. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எதுவும் எழுதாத கரும்பலகை.

திரும்பாமல் உட்கார்ந்திருந்தவன் ரேடியோ ஒருவன்தான்.

இனி குளம். நீங்கள் இடத்தைப் பார்த்திருக்கிறீர்கள். ஆழம் குறைந்த பக்கத்துக்கும் ஆழமான பக்கத்துக்கும் நடுவே மிதவைக் கயிறு. பிள்ளைகள் நீந்தி முடித்துக் கரையில் வரிசையாக நின்றார்கள், நான் அவர்களுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொண்டிருந்தேன். ரேடியோ இன்னும் தண்ணீரில் இருந்தான். கொஞ்ச நாளாக அவன் எல்லோரும் வெளியே வந்த பிறகுதான் வருவான், வரிசையில் யார் பக்கத்திலும் நிற்க வேண்டாம் பாருங்கள். நன்றாக நீந்துகிறவன்தான். கயிற்றைத் தாண்டிப் போயிருக்கிறான், காலில் சதை பிடித்துக்கொண்டது.

பிள்ளைகள் உங்களிடம் சொன்னது இது: அவன் கையைத் தூக்கினான், அவன் ஏதோ பயிற்சி காட்டுகிறான் என்று நாங்கள் நினைத்தோம், சாரும் பார்க்கவில்லை. பாவம், அவர்கள் அதை நம்பவும் ஆரம்பித்திருப்பார்கள். அவர்களை ஒன்றும் செய்யாதீர்கள்.

நடந்தது வேறு. அவன் கையைத் தூக்கினான். வாயையும் திறந்தான். சார் என்று கூப்பிடப் பார்த்தான், எனக்கு அது தெரிந்தது, ஏனென்றால் முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டான். தாடை இழுத்துக்கொண்டது. தண்ணீர் வாய்க்குள் போனது. ஆபத்து என்றால் பிள்ளைகள் ஆசிரியரைத்தான் பார்ப்பார்கள். வரிசை முழுவதும் என் பக்கம் திரும்பியது. விசில் என் உதட்டிலேயே இருந்தது. நீண்ட விசில் ஒன்று அடித்திருந்தால் போதும், குளத்தில் அதற்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும், மோட்டார் அறையிலிருந்து பம்ப்காரர் வந்து குதித்திருப்பார். எனக்கும் நீந்தத் தெரியும், இந்த வேலையில் சேரும்போதே நீந்திக் காட்டித்தான் சேர்ந்தேன். விசிலை உதட்டிலிருந்து எடுத்தேன். அது கயிற்றில் நெஞ்சுக்கு இறங்கியது. அதை விரலால் தொட்டேன்.

கைகள் உயர்ந்தன. போதும் என்றார்கள். திரும்பினார்கள்.

கொசு திரும்பவில்லை. அவள் மோட்டார் அறைக்கு ஓடினாள். ஈரக்காலில் ஒருமுறை விழுந்து எழுந்து ஓடினாள். பம்ப்காரர் வந்தார், குதித்தார், வெளியே எடுத்துப் போட்டார். அதற்குள் நேரமாகிவிட்டது. அவள் மட்டும்தான் பாடத்தைச் சரியாகக் கற்றவள். கையேட்டில் இருந்த, நான் சொல்லித்தராமல் விட்ட இரண்டையும் அவளே செய்தாள். பக்கத்தில் நிற்பது, பெரியவர்களிடம் சொல்வது.

அவள்தான் சொன்னாள், சார் பார்த்தார், பார்த்துவிட்டுத்தான் திரும்பினார் என்று. யாரும் நம்பவில்லை. நானும் மறுத்தேன். இதோடு முடிந்தது என்று இருந்திருப்பேன். ஆனால் இன்றைக்கு ஏழாம் வகுப்பு நடைக்கூடம் வழியாகப் போனேன். ஆசிரியர் இன்னும் வரவில்லை. கொசு ஒரு கணக்கைப் போடக் கரும்பலகை அருகில் சுண்ணக்கட்டியோடு நின்றாள். வகுப்பு முழுவதும் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. யாரும் யாருக்கும் சைகை செய்யவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. அவள் சுண்ணக்கட்டியை உள்ளங்கையில் வைத்துப் பொடியாக்கிக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு குழந்தையை இப்படிச் செய்யலாமா? விசில் அடித்தேன். யாரும் அசையவில்லை. மறுபடி அடித்தேன். கத்திச் சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. திரும்பிப் பார்ப்பதற்கு என்று நான் அவர்களுக்கு ஒரு கட்டளை சொல்லித்தரவே இல்லை. மணி அடித்தும் அவர்கள் கலையவில்லை. அங்கிருந்து நேராக இங்கே நடந்து வந்தேன். இதை எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டுங்கள், முக்கியமாக அந்த வகுப்பில். அவள் பொய் சொல்லவில்லை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். என் பள்ளியில் ஒரு குழந்தை சீண்டப்படுவதை நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்.

முழுவதும் சொல்லிவிடுகிறேன். பயிற்சியில் ஆசிரியர் திரும்புவதில்லை. ஆசிரியர் வரிசையைப் பார்த்தபடி நிற்க வேண்டும், அதுதான் முறை. அன்றைக்கு நானும் உள்ளங்கையை உயர்த்தினேன். நானும் திரும்பினேன். போதும் என்ற வார்த்தையை அவர்களோடு சேர்ந்து சொன்னேன், எனக்கு அது ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் அடிக்கும் சத்தம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. அவனைக் கொன்றது நான்தான். இதில் எந்தத் திருத்தமும் வேண்டாம்.

ஒன்றை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். பையன் உங்களைப் போலவே பேசிக் காட்டுவானாமே என்று நீங்கள் கேட்டீர்கள். அப்படி எழுதிவிடாதீர்கள். எனக்குக் கோபம் இல்லை, உண்மை தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். அவன் செய்து காட்டிய அளவுக்கு எனக்குத் திக்காது.